கடலடி மாப்பிள்ளை

கதவைக் கழற்றிப் பலகையாகப் போட்டிருந்ததால் ஒய்ரிக்கின் வீட்டுக்கு அன்றைக்குக் கதவு இல்லை. நாலு கல்லின் மேல் கிடந்த அந்தக் கதவைச் சுற்றி எட்டுப் பெண்கள், பக்கத்துக்கு நாலு பேராக உட்கார்ந்து கம்பளித் துணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். தறியிலிருந்து இறங்கின துணி சல்லடை மாதிரி இருக்கும். ஊர் முழுக்கச் சேர்த்து வைத்த பழைய மூத்திரத்தில் ஊறப்போட்டு, தூக்கித் தூக்கிப் பலகையில் அறைந்து, சூரியன் போகிற திசையிலேயே கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றி வரவிட்டால்தான் நூல் நெருங்கித் துணி இறுகும். அதற்குக் கையும் வேண்டும், பாட்டும் வேண்டும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பல்லவி பிடிப்பார்கள். அந்த வீட்டில் எப்போதும் அடி எடுப்பவள் ஒய்ரிக்தான். ஐம்பது வயது, புருஷன் இல்லாதவள், ஊரிலேயே உரத்த தொண்டை.

வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் மார்சலி. அதனால் முதலில் பார்த்ததும் அவள்தான். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒருவன் வந்து நின்றான். நீலத் தொப்பி, அதில் கறுப்பு ரிப்பன். அரசாங்கப் படைக்கு ஆள் கொடுத்த தெற்கத்திக்காரர்களில் ஒருவன். அவனுக்குப் பின்னால், ஓடையோரமாக, இரண்டு சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கியைக் கல்லில் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இவனுக்குத் தெரியும். மார்சலியின் கை துணியைத் தூக்கியது, அறைந்தது, தள்ளியது.

அவள் கையில் இருந்த அந்தச் சாம்பல் நிறத் துணி அவள் தம்பி லாக்லனுக்கு. லாக்லன் செத்துப்போனவன்.

அப்படித்தான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் கலோடன் மேட்டில், அரசாங்கத்தை எதிர்த்து எழுந்த இளவரசனின் சேனை ஒரு மணி நேரத்தில் அழிந்தது. தப்பித்தவர்கள் இரவும் பகலும் நடந்து கரைக்கு வந்து, கிடைத்த படகில் ஏறினார்கள். இந்த ஓர்ஸ்கில் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் வந்த படகு ஊர் முனைக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்தது. இரண்டு உடல்கள் கரை ஒதுங்கின. மூன்றாவது ஒதுங்கவில்லை. அது நீந்தி வந்து, நண்டு மாதிரிப் பாறையில் ஏறி, மேற்குப் பக்கக் குகைக்குள் படுத்துக்கொண்டது. ஐந்து மாதமாக அங்கேதான் இருக்கிறது. ஊருக்கே தெரியும், ஒருவரும் ஒருவரிடமும் சொன்னதில்லை. தப்பி வந்த ஒருவனை ஒளித்து வைத்த குற்றத்துக்காக ஜூலை மாதம் சிவப்புச் சட்டைக்காரர்கள் வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஊரைக் கொளுத்தினார்கள். மாடுகளை ஓட்டிப் போனார்கள், ஒளித்து வைத்தவனை அவன் வீட்டு உத்தரத்திலேயே தொங்கவிட்டார்கள். அந்தப் புகை மூன்று நாள் இங்கிருந்து தெரிந்தது. இப்போது செப்டம்பர். லாக்லனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். கிழிந்த ஒற்றைப் போர்வையோடு இன்னொரு வாரம் அந்த ஈரத்தில் கிடந்தால், ஊர் சொல்லும் பொய் உண்மையாகிவிடும். அதனால்தான் அறுப்பைக்கூட நிறுத்திவிட்டு இந்தத் துணி.

வந்தவன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். பாட்டு முடியும்வரை காத்திருந்தான்.

"நல்ல தொண்டை அத்தை உங்களுக்கு" என்றான்.

ஒய்ரிக் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாருடா?"

"டூகல்னு பேரு. ஆர்கைல் பக்கம்."

"டூகல், படிய மட்டும் தாண்டிராத. துணி அடிக்கற எடத்துக்கு ஆம்பள வந்தா என்ன பண்ணுவோம்னு உங்கூர்ல சொல்லியிருப்பாங்கல்ல?"

"துணியோட சேத்துச் சுருட்டி அடிப்பீங்க." அவன் சிரித்தான். "எங்க மாமா ஒருத்தர் தெரியாம உள்ள போயிட்டாரு. நாலு பொம்பளைங்க சேந்து பொரட்டி எடுத்துட்டாங்க. மூணு நாள் அத்தை அவர வீட்டுக்குள்ள விடல. மாட்டுக் கொட்டகைலதான் படுக்கை. மாடே தள்ளிப் போச்சாம்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மார்சலிக்கு அந்தச் சிரிப்புதான் அதிகம் பயமாக இருந்தது. கத்துகிறவன், உதைக்கிறவன் வந்தால் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். இவன் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி பேசுகிறான். கன்னத்தில் குழி விழுகிறது. இப்படிப்பட்டவனிடம்தான் வாய் நழுவும்.

"யாருக்கு அத்தை துணி?"

"குளிருக்கு."

"அது சரி. யாரு போத்திக்க?"

"யாருக்குக் குளிருதோ அவங்க. உனக்குக் குளிருதா? வா, அளவெடுக்கறேன்."

மறுபடி சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் நகரவில்லை. நிலைக்கல்லில் தோளைச் சாய்த்துக்கொண்டான். "பாடுங்க அத்தை. நான் வேலையக் கெடுக்கல. எங்கம்மா ஞாபகம் வருது."

ஒய்ரிக் பாடினாள். மாட்டைப் பற்றி ஒரு பாட்டு, மலையில் தொலைந்த செருப்பைப் பற்றி ஒரு பாட்டு, கஞ்சப் பண்ணையாரைப் பற்றி ஒன்று. மார்சலி பல்லவியைப் பிடித்தாள், துணியைத் தள்ளினாள், அவன் கால்களையே பார்த்தாள். ஒரு கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஓடையோரத்துச் சிப்பாய்களில் ஒருவன் கொட்டாவி விட்டான். போய்விடுவார்கள். இதோ இந்தப் பாட்டோடு போய்விடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படி நினைத்தாள்.

துணி இறுகி வந்தது. ஒய்ரிக் நடுவிரலால் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு, "போதும்டி, சுருட்டிரலாம்" என்றாள்.

"என்ன அத்தை," என்றான் டூகல், "பேர் சேக்கற பாட்டு இல்லாமயா?"

எந்தத் துணியும் அந்தப் பாட்டு இல்லாமல் முடிந்ததில்லை. கல்யாணமாகாத பெண் ஒவ்வொருத்திக்கும் ஊர்ப் பையன் ஒருவன் பேரைச் சேர்த்துப் பாட வேண்டும். அவள் பிடித்தால் ஏற்றுக்கொண்டு ஒரு அடி பாடுவாள், பிடிக்காவிட்டால் அவனை நாறடித்து ஒரு அடி பாடுவாள். கிண்டலுக்குத்தான் அந்தப் பாட்டு. ஆனால் உயிரோடு இருக்கிறவன் பேரை மட்டும்தான் அதில் சேர்ப்பார்கள். இறந்தவன் பேரைச் சேர்த்தால் அந்தப் பெண்ணையும் அவன் கூப்பிட்டுக்கொள்வான் என்று பயம். கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். ஆர்கைலிலும்.

பாடாமல் விட்டாலும் இவன் ஏன் என்று கேட்பான். ஒய்ரிக்குக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "நம்ம பசங்க பாதிப் பேர உங்க ஆளுங்க தின்னுட்டாங்க. யார் பேரச் சேக்கறது?" என்று முனகிவிட்டு, துணியை ஓங்கி அறைந்து ஆரம்பித்தாள்.

கிர்ஸ்திக்கு மாலுமி ஒருவனைச் சேர்த்தாள். கிர்ஸ்தி ஏற்றுக்கொண்டாள். அடுத்தவளுக்குக் கொல்லன் மகன். அவனுக்கு அடுப்புக்கரி மூஞ்சி என்று அவள் பாடினாள்; டூகல் கைதட்டினான். துணி பேஹக்கிடம் வந்தது. பேஹக்குக்குப் பத்தொன்பது வயது. பதினாறு வயதிலிருந்து எந்தத் துணியிலும் அவளுக்குச் சேர்த்த பேர் ஒன்றுதான். மார்சலி பேஹக்கின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். பேஹக் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒய்ரிக் ஜாக்கிரதையாகத் தூரத்து ஊர் ஆள் ஒருவனைச் சேர்த்தாள். அவனுக்கு ஆட்டுத் தாடி என்று தள்ளினாள் பேஹக். பாதிரியார் வீட்டு வேலைக்காரன்? அவனுக்கு ஜெபத்தைவிடக் கொட்டாவி அதிகம். டூகல் விழுந்து விழுந்து சிரித்தான். பேஹக்கின் முகம் சிவந்து, கண் பளபளத்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் சிரிக்கிறாள். கை தன்பாட்டில் அடிக்கிறது, வாய் தன்பாட்டில் பாடுகிறது. மூன்றாவதாக ஒரு பேரை ஒய்ரிக் சேர்த்ததும், மூன்று வருஷமாக அந்த இடத்தில் பாடிப் பழகின அடி அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

*வேற யாரும் வேணாம் எனக்கு*
*லாக்லன் வந்தா கதவத் திறப்பேன்.*

பல்லவி எழவில்லை. பதினாறு கைகள் மட்டும் துணியை அடித்துக்கொண்டிருந்தன. தப், தப், தப். பேஹக்கின் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை மார்சலி பார்த்தாள். வாசலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். டூகல் சாய்ந்திருந்த தோளை நிலைக்கல்லிலிருந்து எடுத்துவிட்டான். கன்னத்துக் குழி போய்விட்டது. தாளம் போட்ட கால் நின்றுவிட்டது.

"லாக்லன்" என்றான், மெதுவாக. தேடப்படுவோர் பட்டியலில் படித்த பேரை ஞாபகப்படுத்திக்கொள்கிறவன் மாதிரி. "முனையில முழுகினவன்ல?"

யோசிக்க நேரம் இருந்திருந்தால் மார்சலி செய்திருக்க மாட்டாள். துணி அவள் கைக்கு வந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கி அறைந்தாள். வாயைத் திறந்தாள். அவள் அடி எடுத்துப் பாடுகிறவள் அல்ல. குரல் முதலில் உடைந்துதான் வந்தது. மெட்டு மட்டும் எங்கிருந்தோ வந்து நின்றது. துடுப்பு வலிக்கும்போது சின்னப் பிள்ளையில் பாடுகிற பழைய மெட்டு.

*எந்தம்பியையா கேட்ட பேஹக்,*
*அவன் வீடு கடலுக்கு அடியில.*
*பாயா விரிச்சது பாசி,*
*விளக்கா எரியுறது மீன்கண்ணு.*

ஹோ ரி ஹூ, ஹோ ரி ஆ, என்று ஒய்ரிக் பல்லவியைப் பிடித்தாள். கெட்டிக்காரி. ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை. மற்றவர்களும் பிடித்தார்கள். பேஹக் வாயைப் பொத்திக்கொண்டாள்.

*சட்டைப் பையில நண்டு குடியிருக்கு,*
*தாடியில மணல் குடியிருக்கு.*
*நீ கதவத் திறந்து வெச்சாலும் பேஹக்,*
*அவன் நனைஞ்ச கால வீட்ல வைக்கமாட்டான்.*

வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. அவள் நிறுத்த நினைத்தாலும் நிற்காது போலிருந்தது. அவன் கண்ணை எடுத்த பறவையைப் பாடினாள். அவன் விரலில் மோதிரமாகச் சுற்றின கொடியைப் பாடினாள். அவனைப் பெற்றெடுத்த அன்றைக்கே அம்மா போய்விட்டாள். மாட்டுப் பாலை இவள்தான் துணியில் நனைத்து அவன் வாயில் பிழிந்தாள், அதையும் பாடினாள். அது நடந்ததுதான். பொய்யும் நிஜமும் ஒன்றாகப் பிசைந்து போய், கண்ணில் நீர் தானாக வந்தது. பேஹக் விம்மி அழுதாள். அந்த அழுகை பயத்தினால் வந்தது என்பது எட்டுப் பெண்களுக்கும் தெரியும். வாசலில் நிற்பவனுக்குத் தெரியுமா?

பாட்டு நின்றது. டூகல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"இதை நான் கேட்டதே இல்லையே" என்றான்.

"ஆர்கைல்ல எங்க தம்பிய யாருக்குத் தெரியும்?" என்றாள் மார்சலி. தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது.

"செத்தவன் பேரச் சேக்க மாட்டாங்களே."

"பைத்தியம் புடிச்சவ சேப்பா" என்றாள் ஒய்ரிக். "அஞ்சு மாசமா இப்படித்தான். கதவத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கா. நாங்க என்ன பண்றது, சொல்லு. உங்க ஆளுங்ககிட்ட மருந்து இருந்தாக் குடுத்துட்டுப் போ."

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ பாடுங்க தங்கச்சி" என்றான் மார்சலியிடம்.

அவளுக்குப் பாடினதில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. மாற்றிப் பாடினால் இப்போது கட்டினது என்று கண்டுபிடித்துவிடுவான்.

"ஒரே துணிக்கு ஒரே பாட்டு ரெண்டு தடவ கிடையாது" என்றாள் ஒய்ரிக். "உங்கம்மா சொல்லித் தரலையா?"

"சொல்லியிருக்கா." அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். திரும்பிப் போகிறவன் இரண்டடி வைத்து நின்றான். முதுகைக் காட்டியபடியே மெல்லப் பாடினான். பாயா விரிச்சது பாசி, விளக்கா எரியுறது மீன்கண்ணு. ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிறகு ஓடையைத் தாண்டிப் போய்விட்டான்.

பேஹக் மார்சலியின் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டாள். "மதினி, எனக்கே தெரியல மதினி, வாயில வந்துருச்சு மதினி." மார்சலி அவள் தலையைத் தடவினாள், அறையவேண்டும் போலவும் இருந்தது. கிர்ஸ்திதான் கடைசியில் அதைச் சொன்னாள். "உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி பாடிட்டியேடி. அதுவும் அவன் துணி மேலயே."

"வாய மூடுடி" என்றாள் ஒய்ரிக். ஆனால் துணியைச் சுருட்டும்போது, போர்த்திக்கொள்ளப் போகிறவன் பேரைச் சொல்லி வாழ்த்துகிற இடத்தில், அவளும் பேர் சொல்லவில்லை.

இரண்டு நாள் துணி காய்ந்தது. இரண்டு நாளும் மார்சலிக்குச் சோறு இறங்கவில்லை. பறவை கண்ணை எடுத்தது என்று பாடினேனே, எடுத்திருக்குமோ? நண்டு என்றேனே? வாயில் வந்ததை எல்லாம் கொட்டிவிட்டு இப்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்துப் பயந்தாள். டூகல் திரும்பி வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில், அலை வடிந்த நேரம், துணியை இடுப்பிலிருந்து மார்புவரை சுற்றிக்கொண்டு மேலே சட்டையைப் போட்டுக்கொண்டாள். கூடையும் கத்தியும் எடுத்துக்கொண்டாள். பாறையில் சிப்பி பெயர்க்கப் போகிறவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வழியெல்லாம் குனிந்து குனிந்து சிப்பி பெயர்த்தாள். நிமிரும்போதெல்லாம் மேட்டைப் பார்த்தாள். மேட்டில் ஆடுகள்தான் நின்றன.

குகைக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே போனதும் முதலில் அவன் கண்களைத் தேடினாள். இரண்டும் இருந்தன. காய்ச்சலில் பளபளத்தன.

"என்னக்கா," என்றான் லாக்லன், மூச்சுக்கு நடுவே, "ரெண்டு நாள்ல இப்படி குண்டாயிட்ட?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். துணியை அவிழ்த்து அவன்மேல் சுற்றினாள். உடம்பு அனலாக இருந்தது. விலா எலும்புகளை விரலால் எண்ணலாம். கொண்டுவந்த ஓட்ஸ் ரொட்டியை நனைத்து ஊட்டினாள். இரண்டு வாய் தின்றான். "பேஹக் எப்படி இருக்கா?" என்றான். "நல்லா இருக்கா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் கண் செருகியது. என்னவோ முனகினான். அம்மா என்றான், அவன் பார்த்தே இராத அம்மா.

அப்போதுதான் பாட்டுக் கேட்டது.

முதலில் தன் தலைக்குள் கேட்கிறது என்று நினைத்தாள். பிறகு துடுப்பின் சத்தம் அதோடு சேர்ந்து வந்தது. படகு பாறையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. நாலைந்து ஆண் குரல்கள். எந்தம்பியையா கேட்ட பேஹக், அவன் வீடு கடலுக்கு அடியில. அவள் பாட்டு. அவள் வார்த்தை. பிழையில்லாமல். செத்தவனை நினைத்து உருகித்தான் பாடுகிறார்களா? அப்படியானால் டூகல் நம்பிவிட்டான், பட்டியலில் பேரை அடித்துவிட்டான், இது வெறும் துடுப்புப் பாட்டு. இல்லை, ஒவ்வொரு குகை வாசலாக நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார்களா? பாட்டைக் கேட்டு யார் அசைகிறார்கள் என்று பார்க்கிறார்களா?

துடுப்புச் சத்தம் நின்றது. குகை வாயின் ஓரத்தில், தெரிந்த ஒரு துண்டுக் கடலில், தூக்கிப் பிடித்த துடுப்புகளின் நுனி மட்டும் தெரிந்தது. மூன்று. நாலு. அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டூகலின் குரல் மட்டும் தனியாக எழுந்தது. ஒரு அடி பாடினான். பல்லவிக்கு இடம் விட்டு நிறுத்தினான். படகில் யாரும் பல்லவியை எடுக்கவில்லை.

இந்தக் கரையில் பிறந்த எவனுக்கும் அடி முடிந்தால் பல்லவி வாயில் தானாக வரும். தூக்கத்தில் வரும், குடியில் வரும். காய்ச்சலில் கிடந்த லாக்லனின் உதடுகள் பிரிந்தன. நெஞ்சு உயர்ந்தது. ஹோ ரி, என்று தொண்டையில் காற்றாக ஆரம்பித்தது.

மார்சலி துணியின் ஓரத்தை அள்ளி அவன் வாயில் அழுத்தினாள். இரண்டு கையாலும், மூக்கோடு சேர்த்து. அவன் கண் விழித்து அவளைப் பார்த்தது, அடையாளம் தெரியாமல் பார்த்தது. ஒரு கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது, பிறகு பிடி தளர்ந்தது. வெளியே டூகல் அடுத்த அடியை ஆரம்பித்தான். சட்டைப் பையில நண்டு குடியிருக்கு. நிறுத்தினான். காத்திருந்தான்.

நன்றாக இறுகின துணி. எட்டுப் பெண்கள் அரை நாள் அடித்த துணி. உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, அதன் வழியாக மூச்சின் சூடு ஏதாவது வருகிறதா என்று அவள் தேடினாள். துடுப்புகள் இன்னும் உயர்ந்தே இருந்தன. அவற்றின் நுனியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக, அவசரமில்லாமல், விழுந்துகொண்டிருந்தது.